‘லேட் ஆச்சு’, ‘லேட் பண்ணிட்டார்’: ஆங்கில வெர்ப் மொத்தம் எத்தனை வகை?

கேள்வி: வணக்கம் மேடம். அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் பாகங்கள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில், டிஸ்பாட்ச் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 31. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், பி.காம். தபாலில் முடித்தேன். ஆறு மாதமாக வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு நானே மெயில் போட வேண்டியிருக்கிறது. போன வாரம் நான் போட்ட ஒரு மெயிலைப் பார்த்துவிட்டு மேனேஜர், “உனக்கு வெர்பே தெரியலையேம்மா” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே, லஸ் பிளாட்பாரத்தில் வாங்கி வைத்திருந்த பழைய இலக்கணப் புத்தகங்களை எடுத்துப் படித்தேன். ஒன்றில் வெர்ப் மூன்று வகை, இன்னொன்றில் எட்டு. யூடியூபில் ஒருவர் பதினொன்று என்கிறார். எதை மனப்பாடம் செய்வது? அந்த மெயிலைக் கீழே எழுதியிருக்கிறேன். என்ன தப்பு என்று சொல்லுங்கள். இன்னொன்று: மேனேஜர் தன் மெயில்களை ‘கைண்ட்லி ரிவர்ட் பேக்’ என்றுதான் முடிப்பார். நானும் அப்படியே போடலாமா?

‘டியர் சார், ஐ ஆம் அக்ரீ வித் யுவர் டேட். வீ ஆர் ஹேவிங் ஒன்லி 400 பீசஸ் இன் ஸ்டாக். ஐ டிட் நாட் ரிசீவ்ட் தி டிராயிங். யூ மஸ்ட் சென்ட் இட் டுடே. வீ வில் டிஸ்கஸ் அபவுட் தி ரேட் டுமாரோ.’

– ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: அன்புள்ள அம்பத்தூர் வாசகிக்கு, முதலில் அந்த மேனேஜர் விஷயத்தை முடித்துவிடுவோம். வெர்பே தெரியவில்லை என்று அவர் சொன்னது நியாயமில்லை. உங்கள் மெயிலில் ஐந்து வாக்கியம். ஐந்திலும் சொல்ல வந்ததற்குப் பொருத்தமான வெர்பைத்தான் எடுத்திருக்கிறீர்கள். அதன் பக்கத்தில் எது நிற்கலாம், எது நிற்கக்கூடாது என்பதில்தான் இடறல். இருபது வருஷத்துக்கு மேலாக மேற்கு மாம்பலத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஐந்து தப்பில் ஒன்றுகூடச் செய்யாமல் என் வகுப்புக்குள் வந்தவர்கள் ரொம்பக் குறைவு. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்றா, எட்டா, பதினொன்றா? காலையில் திருவள்ளூர் லோக்கலில் ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வந்து, உட்கார்ந்திருப்பவர் எத்தனை, நிற்பவர் எத்தனை என்று எண்ணுகிறார். இன்னொருவர் சீசன் டிக்கெட் எத்தனை, கவுன்டர் டிக்கெட் எத்தனை என்று எண்ணுகிறார். மூன்றாமவர் அம்பத்தூரில் இறங்குபவர், ஆவடியில் இறங்குபவர் என்று பிரிக்கிறார். சீசன் டிக்கெட்டோடு நின்றுகொண்டே போய் அம்பத்தூரில் இறங்கும் நீங்கள் மூன்று கணக்கிலும் வருவீர்கள். அதற்காக நீங்கள் மூன்று பேர் ஆகிவிட மாட்டீர்கள். வெர்ப் வகைகளும் இப்படித்தான். ஒவ்வொரு புத்தகமும் வேறு வேறு கேள்வி கேட்டுப் பிரிக்கிறது. சில புத்தகங்கள் எல்லாக் கேள்விக்கும் வந்த பதிலை ஒரே பட்டியலில் கொட்டிவிடுகின்றன. ‘ஷீ வென்ட்’ என்பதில் உள்ள ‘வென்ட்’ ஒரே நேரத்தில் மெயின் வெர்ப், இர்ரெகுலர் வெர்ப், இன்டிரான்சிட்டிவ் வெர்ப், டைனமிக் வெர்ப், ஃபைனைட் வெர்ப். பட்டியலை மனப்பாடம் செய்தால் இது ஐந்து வெர்ப் மாதிரி தோன்றும்.

தமிழில் இது உங்களுக்குப் புதிதே இல்லை. ‘வந்தாள்’ என்பதைப் பள்ளியில் வினைமுற்று என்றும் படித்தீர்கள், தெரிநிலை வினை என்றும் படித்தீர்கள், தன்வினை என்றும், செயப்படுபொருள் குன்றிய வினை என்றும் படித்தீர்கள். அப்போது தமிழில் வினை மொத்தம் எத்தனை வகை என்று யாரும் கேட்கவில்லை. ஆங்கிலம் என்றதும்தான் நமக்கு எண்ணிக்கை பயம் வந்துவிடுகிறது.

ஆகவே எண்ணிக்கையை விடுங்கள். உங்கள் மெயிலையே பாடமாக வைத்துக்கொள்வோம். கடைசி வாக்கியத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு ரொம்பத் தேவைப்படும் பிரிவு அதில்தான் இருக்கிறது.

‘டிஸ்கஸ் அபவுட்.’ இதில் ‘அபவுட்’ வேண்டாம். ஏன் என்று கேட்டால் பெரும்பாலான வகுப்புகளில், டிஸ்கஸ் டிரான்சிட்டிவ் வெர்ப், அதனால் வேண்டாம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். டிரான்சிட்டிவ் என்றால் என்ன என்று கேட்டால் ஆப்ஜெக்ட் எடுக்கும் வெர்ப் என்பார்கள். ஆப்ஜெக்ட் என்றால் டிரான்சிட்டிவ் வெர்ப் எடுப்பது. செக்குமாடு கதைதான்.

நாம் வேறு பக்கம் போவோம். சென்னையில் தினமும் நீங்கள் பேசும் பேச்சைக் கவனியுங்கள். ‘பஸ் லேட் ஆச்சு’ என்கிறீர்கள். ‘டிரைவர் லேட் பண்ணிட்டார்’ என்கிறீர்கள். ‘கரண்ட் கட் ஆச்சு’, ‘கரண்ட்டைக் கட் பண்ணிட்டாங்க’. ‘டென்ஷன் ஆயிட்டேன்’, ‘என்னை டென்ஷன் பண்ணிட்டான்’. எங்கிருந்தோ வந்த ஆங்கிலச் சொல்லைப் பிடித்து, தானாக நடந்ததற்கு ‘ஆகு’, ஒருவர் செய்ததற்கு ‘பண்ணு’ என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிரித்துவிடுகிறோம். ஐந்து வயதுப் பிள்ளைகூட ‘கிளாஸ் உடைஞ்சிடுச்சு’ என்று சொல்லுமே தவிர, மாட்டிக்கொள்ளும்படி ‘உடைச்சிட்டேன்’ என்று சொல்லாது. இந்த உணர்வுதான் டிரான்சிட்டிவ், இன்டிரான்சிட்டிவ் பிரிவுக்கு வாசல்.

வாசலில் ஒரு பள்ளம் உண்டு, பார்த்து வாருங்கள். ‘பண்ணு’ வந்தாலே டிரான்சிட்டிவ் என்று நினைத்துவிடக்கூடாது. ‘வெயிட் பண்ணேன்’ என்கிறோம், ஆனால் ‘வெயிட்’ இன்டிரான்சிட்டிவ். அதனால் இன்னொரு படி வேண்டும்: வெர்பைப் பார்த்து ‘எதை?’, ‘யாரை?’ என்று கேளுங்கள். எதை அனுப்பினேன்? பார்சலை. சரி, ‘சென்ட்’ டிரான்சிட்டிவ். எதை வெயிட் பண்ணினேன்? ஒட்டவில்லை, பஸ்ஸுக்காகத்தானே வெயிட் பண்ணினேன். அந்த ‘-க்காக’ ஆங்கிலத்தில் ‘ஃபார்’ ஆகிறது: ‘வெயிட் ஃபார் தி பஸ்’.

‘எதை டிஸ்கஸ் பண்ணோம்?’ ரேட்டை. அப்படியென்றால் நேராக ‘டிஸ்கஸ் தி ரேட்’. உங்களுக்கு ‘அபவுட்’ எங்கிருந்து வந்தது என்றும் தெரிகிறது. மனதில் ‘ரேட்டைப் பத்திப் பேசுவோம்’ என்று நினைத்திருக்கிறீர்கள். ‘பேசு’ என்பதற்குப் ‘பத்தி’ வேண்டும், ‘டாக் அபவுட்’ என்பதற்கும் வேண்டும். ஆனால் ‘டிஸ்கஸ்’ என்றால் ‘விவாதி’. ‘ரேட்டை விவாதித்தோம்’ என்றாலே போதும், ‘பற்றி’ அதற்குள்ளேயே இருக்கிறது. ‘டிஸ்கஷன்’ என்று பெயர்ச்சொல்லாக எழுதினால் மட்டும் ‘அபவுட்’ திரும்ப வந்துவிடும்.

இதே வீட்டுக்காரர்கள் இன்னும் சிலர். ‘ரீச்டு டு சென்னை’ என்று எழுதுகிறோம், சென்னைக்கு வந்து சேர்ந்தேன் என்று நினைப்பதால். ‘ரீச்டு சென்னை’ போதும். ‘ரெக்வெஸ்ட் ஃபார்’, ‘ஆர்டர் ஃபார்’ இரண்டிலும் வெர்பாக வரும்போது ‘ஃபார்’ வேண்டாம். ‘கான்டாக்ட் வித் மீ’ வேண்டாம், ‘கான்டாக்ட் மீ’. ‘மென்ஷன் அபவுட்’ வேண்டாம். இதற்கு நேர் எதிராக ஒன்று: தமிழில் ‘பாட்டைக் கேட்டேன்’ என்று ‘ஐ’ வேற்றுமை உருபு வருகிறதே என்று ‘லிசன்டு சாங்ஸ்’ என்று எழுதிவிடுவோம். அங்கே ‘டு’ கட்டாயம். ‘எதை’ கேள்வி பத்துக்கு எட்டு முறை காப்பாற்றும், மிச்சத்தைப் பார்த்துப் பழகத்தான் வேண்டும்.

டிஸ்பாட்ச் வேலையில் உங்களுக்கு அடிக்கடி வரப்போகும் ஒரு வாக்கியம்: சரக்கு வந்து சேர்ந்தது. நிறையப் பேர் ‘தி கன்சைன்மென்ட் வாஸ் அரைவ்டு’ என்று எழுதுகிறார்கள். ‘வாஸ் டெலிவர்டு’ சரி, ‘வாஸ் டிஸ்பாட்ச்டு’ சரி, ‘வாஸ் அரைவ்டு’ மட்டும் ஏன் தப்பு? தமிழில் ‘-ப்பட்டது’ போட்டுப் பாருங்கள். அனுப்பப்பட்டது, ஒப்படைக்கப்பட்டது, இரண்டும் நன்றாக இருக்கின்றன. ‘வரப்பட்டது’? காதில் விழும்போதே சிரிப்பு வருகிறது. செயப்படுபொருள் இல்லாத வினைக்குச் செயப்பாட்டு வினை கிடையாது. ஆங்கிலத்திலும் அதே சட்டம்தான். ‘வாஸ் ஹேப்பன்டு’ தப்பாவதும் இதனால்தான். ‘நடக்கப்பட்டது’ என்று நாம் சொல்வதில்லையே.

அப்புறம் விலை. இரும்பு விலை ஏறிவிட்டது என்று எழுதும்போது ‘ப்ரைஸ் ஹேஸ் ரெய்ஸ்டு’ என்று கை போகும். ஏறு வேறு, ஏற்று வேறு. விலை ஏறுகிறது, யாரோ விலையை ஏற்றுகிறார்கள். லாரியில் ஆள் ஏறுகிறார், லோடை ஏற்றுகிறார். இதை உங்கள் பிரிவில் ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘ரைஸ்’ என்பது ஏறு, ‘ரெய்ஸ்’ என்பது ஏற்று. ஆகவே ‘ப்ரைஸ் ஹேஸ் ரிஸன்’, அல்லது ‘வீ ஹேவ் ரெய்ஸ்டு தி ப்ரைஸ்’. தன்வினையிலிருந்து பிறவினையை உண்டாக்கும் பழக்கம் ஆங்கிலத்தின் மூதாதை மொழிகளில் நன்றாகவே இருந்தது. ‘சிட்’டிலிருந்து ‘செட்’, ‘லை’யிலிருந்து ‘லே’ என்று சில ஜோடிகள் மட்டும் இன்று மிச்சம். மற்ற பல இடங்களில் ஒரே சொல்லே இரண்டு வேலையும் பார்க்கிறது: ‘தி லாரி மூவ்டு’ என்றால் நகர்ந்தது, ‘வீ மூவ்டு தி லாரி’ என்றால் நகர்த்தினோம். ‘ஸ்டார்ட்’, ‘ஓப்பன்’, ‘சேஞ்ச்’ எல்லாம் அப்படியே. அதனால்தான் அகராதியில் ஒரே சொல்லுக்கு எதிரே டிரான்சிட்டிவ் என்றும் இன்டிரான்சிட்டிவ் என்றும் இரண்டும் போட்டிருக்கும். அச்சுப் பிழை இல்லை.

‘பண்ணு’வைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் நகர மனசு வரவில்லை. அது நல்ல வேலைக்காரன், ஆனால் கொஞ்சம் காட்டியும் கொடுத்துவிடும். ‘ஃபேனை ஆஃப் பண்ணு’ என்று பேசிப் பேசி, ‘ஆஃப்’ ஒரு வெர்ப் என்றே நம்பிவிட்டோம். அதனால் ‘ஆஃப் தி ஃபேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்கிறோம். அங்கே வெர்பே இல்லை. ‘ஸ்விட்ச் ஆஃப் தி ஃபேன்’ என்று ஒரு வெர்பைக் கொண்டுவர வேண்டும். ‘மிஸ்டேக் பண்ணிட்டேன்’ என்பது ‘டிட் எ மிஸ்டேக்’ ஆகிறது. நம்முடைய ஒரே ‘பண்ணு’ ஆங்கிலத்தில் ‘டூ’, ‘மேக்’ என்று இரண்டாகக் கிளைக்கிறது. மிஸ்டேக், பேமென்ட், கால், டிசிஷன் எல்லாம் ‘மேக்’ பக்கம். ஒர்க், பிசினஸ், ஹோம்ஒர்க், ஃபேவர் எல்லாம் ‘டூ’ பக்கம். இதற்கு ஓட்டையில்லாத விதி என்று ஒன்றும் கிடையாது. இருப்பதாகச் சொல்லி யாராவது கோர்ஸ் விற்றால் வாங்காதீர்கள்.

அடுத்து ‘ஐ டிட் நாட் ரிசீவ்ட்’. இது மெயின் வெர்ப், ஆக்ஸிலரி வெர்ப் பிரிவு. ஆக்ஸிலரி என்றால் நம் துணைவினை. ஆங்கிலத்தில் ‘பீ’, ‘ஹேவ்’, ‘டூ’ என்று மூன்று முதன்மைத் துணைவினைகள். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்று ஒன்பது மோடல்கள். பட்டியல் சின்னது, அதனால் பயமில்லை.

வினை என்பது வேற்றுமை ஏற்காது, காலத்தோடு வரும் என்கிறது தொல்காப்பியம். ஆங்கிலத்துக்கும் அந்தக் காலம் காட்டும் வேலைதான் முக்கியம். ஆனால் ஒரு வினைக் கூட்டத்தில் ஒரே ஒருவர்தான் அதைக் காட்டலாம். துணைவினை வந்துவிட்டால் அந்த உரிமை துணைவினைக்கு. ‘ரிசீவ்ட்’ கையில் இருந்த காலத்தை ‘டிட்’ வாங்கிக்கொண்டது, ஆகவே ‘ரிசீவ்’ வெறுங்கையோடு நிற்க வேண்டும். தமிழில் நாம் என்ன செய்கிறோம்? ‘வந்தேன்’ என்பதை மறுக்கும்போது ‘வரவில்லை’ என்கிறோம். ‘வந்தேன்’இல் இருந்த காலம் காட்டும் எழுத்தைக் கழற்றிவிட்டு, வெறும் ‘வர’ மட்டும் வைத்து ‘இல்லை’ சேர்க்கிறோம். ‘வந்தேனில்லை’ என்று இன்று யாரும் பேசுவதில்லை. அந்த ‘வர’ மாதிரிதான் ‘டிட் நாட்’டுக்குப் பின்னால் வரும் ‘ரிசீவ்’. ‘டஸ் ஷீ நோஸ்’ என்று எழுதுபவருக்கும் இதே மருந்து: ‘ஸ்’ ஒலியை ‘டஸ்’ எடுத்துக்கொண்டுவிட்டது, ‘நோ’வுக்குத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

ஆனால் ‘ஹேவ்’ துணைவினையாக வந்தால் மெயின் வெர்பின் மூன்றாம் வடிவம் வரும்: ‘ஹேவ் நாட் ரிசீவ்ட்’. உங்கள் கையில் இரண்டும் கலந்துவிட்டன. டிராயிங் இன்னும் வந்தபாடில்லை, காத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் ‘ஹேவ் நாட் ரிசீவ்ட்’ பொருத்தம்.

‘வீ ஆர் ஹேவிங் 400 பீசஸ்’ என்பதற்கு வருவோம். இந்தியா முழுக்கப் பேசும் ஆங்கிலம் இது, கேட்டவர்களுக்குப் புரியாமலும் போகாது. ஆனாலும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலில் வேண்டாம் என்பது என் கட்சி. சில வெர்ப்கள் செயலைச் சொல்பவை, டைனமிக். சில நிலையைச் சொல்பவை, ஸ்டேட்டிவ். நிலையைச் சொல்பவை பொதுவாக ‘-இங்’ ஏற்காது. நோ, பிலாங், ஓன், கன்டெய்ன், காஸ்ட் எல்லாம் அந்த ரகம். தமிழில் ‘எனக்குத் தெரியும்’ என்போம். ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யாராவது சொன்னால் உடம்புக்கு என்ன என்று கேட்போம்.

பிறகு ஏன் ‘ஹேவிங்’ மட்டும் வருகிறது? நம் ‘வெச்சிருக்கேன்’ தான் காரணம் என்று நினைக்கிறேன். ‘வண்டி வெச்சிருக்கேன்’, ‘ஸ்டாக் வெச்சிருக்கோம்’. அதில் ‘இருக்கு’ என்ற வால் இருப்பதால், கூடவே ‘ஆம், ஆர்’ எல்லாம் வந்து ஒட்டிக்கொள்கின்றன. கையில் உண்டு என்ற பொருளில் ‘ஹேவ்’ தனியாக நிற்கட்டும்: ‘வீ ஹேவ் 400 பீசஸ்’. சாப்பிடுவது, மீட்டிங் நடத்துவது என்று செயலாக மாறினால் ‘-இங்’ தாராளமாக வரும். ‘வீ ஆர் ஹேவிங் லஞ்ச்’ முழுக்கச் சரி. அப்படியானால் ‘ஐ ஆம் லவிங் இட்’ என்று ஒரு பர்கர் கம்பெனி விளம்பரம் செய்கிறதே என்று வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். விளம்பரக்காரர்கள் காசு கொடுத்து விதியை உடைப்பார்கள். நீங்கள் கொட்டேஷனில் உடைக்க வேண்டாம்.

‘ஐ ஆம் அக்ரீ’ என்ற தப்புக்கு நீங்கள் பொறுப்பே இல்லை. முப்பது நாளில் ஆங்கிலம் வகைப் பாடங்களில் ‘நான்’ என்பதற்கு ‘ஐ ஆம்’ என்று பதிய வைத்துவிடுகிறார்கள். ‘நான்’ என்றால் ‘ஐ’ மட்டுமே. ‘ஆம்’ ஒரு தனி வெர்ப். ‘அக்ரீ’ இன்னொரு வெர்ப். ஒரு வேலைக்கு இரண்டு ஆளைப் போட்டு, சம்பளமும் இரண்டு பேருக்குக் கொடுத்த மாதிரி.

இந்த ‘ஆம், இஸ், ஆர்’ நமக்கு வழுக்குவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ‘இவர் எங்கள் மேனேஜர்’ என்பது தமிழில் முழு வாக்கியம்; அதில் வினைச்சொல்லே கிடையாது, பெயர்ச்சொல்லே பயனிலை. ஆங்கிலத்துக்கு வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது, அதனால் நடுவில் ஒரு ‘இஸ்’. இப்படி இரண்டு பக்கத்தையும் இணைக்க மட்டும் வருவதை லிங்க்கிங் வெர்ப் என்பார்கள். ‘பீ’ குடும்பத்தில் மட்டும் பீ, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன் என்று எட்டு வடிவம். ஆங்கிலத்தில் வேறு எந்த வெர்புக்கும் இத்தனை சட்டை கிடையாது. சீம், பிகம், லுக், ஸ்மெல், டேஸ்ட் ஆகியவையும் லிங்க்கிங்காக வரும். ‘தி ரசம் டேஸ்ட்ஸ் நைஸ்’ என்பதில் ரசம் எதையும் ருசி பார்க்கவில்லை. ‘டேஸ்ட்ஸ்’ இருந்த இடத்தில் ‘இஸ்’ போட்டாலும் வாக்கியம் நிற்கிறது, ஆகவே லிங்க்கிங். ‘மை மதர் டேஸ்டட் தி ரசம்’ என்பதில் ‘இஸ்’ போட்டால் அம்மாவே ரசம் ஆகிவிடுவார். அங்கே அது டிரான்சிட்டிவ்.

உங்கள் வாக்கியத்தில் ‘ஆம்’ போய்விட்டால் ‘ஐ அக்ரீ’. ஆளோடு ஒத்துப்போனால் ‘வித்’, யோசனைக்கு ஒப்புக்கொண்டால் ‘டு’. தேதிக்கு ஒப்புக்கொள்கிறீர்கள், ஆகவே ‘ஐ அக்ரீ டு தி டேட்’.

மிச்சம் இருப்பது ‘யூ மஸ்ட் சென்ட் இட் டுடே’. உங்கள் மேனேஜருக்கு முகம் சிவந்தது இதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன், ஆனால் இதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ‘நீங்கள் இன்றைக்கு அனுப்ப வேண்டும்’ என்று மனதில் மரியாதையாகத்தான் நினைத்திருக்கிறீர்கள். அந்த மரியாதை ‘நீங்கள்’ என்பதில் இருக்கிறது, ‘அனுப்புங்க’ என்பதன் கடைசி ‘ங்க’வில் இருக்கிறது. ஆங்கிலத்தில் நீயும் ‘யூ’, நீங்களும் ‘யூ’. உங்கள் ‘ங்க’ கடல் தாண்டும்போது உதிர்ந்துவிட்டது. வாடிக்கையாளர் கையில் போய்ச் சேர்ந்தது ‘நீ இன்றைக்குள் அனுப்பியே ஆகணும்’.

மரியாதையை ஆங்கிலம் ‘யூ’வில் வைக்காமல் பெருமளவு மோடல் வெர்ப்களில் வைத்திருக்கிறது. ‘சென்ட்’ என்றால் அனுப்பு. ‘கேன் யூ சென்ட்’ என்றால் அனுப்ப முடியுமா. ‘குட் யூ’, ‘வுட் யூ’ என்றால் கொஞ்சம் அனுப்பி வைக்க முடியுங்களா. ‘குட்’டும் ‘வுட்’டும் கடந்தகால வடிவங்கள் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள், ஆனால் இங்கே கடந்தகாலத்துக்கு வேலையே இல்லை. பணிவுக்காக ஓரடி பின்னால் நிற்கின்றன, அவ்வளவுதான். ‘மஸ்ட்’டை உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள், ‘ஐ மஸ்ட் அப்பாலஜைஸ் ஃபார் தி டிலே’ என்கிற மாதிரி.

மோடல் வந்தால் பின்னால் ‘டு’ வராது, ‘ஸ்’ ஒலியும் வராது: ‘மஸ்ட் டு கோ’, ‘ஷீ கேன்ஸ்’ கிடையாது. நம் ‘-ணும்’ இன்னொரு சிக்கல். ‘ஊருக்குப் போகணும்’ என்றால் ஆசையா, கட்டாயமா? தமிழில் குரலிலும் முகத்திலும் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் ‘வான்ட் டு கோ’ ஆசை, ‘ஹேவ் டு கோ’ சூழ்நிலை, ‘மஸ்ட் கோ’ கட்டாயம், ‘ஷுட் கோ’ போனால் நல்லது. ‘-ணும்’ வாயில் வரும்போதெல்லாம் இந்த நாலில் எது என்று ஒரு நொடி நின்று பாருங்கள்.

புத்தகத்தில் மிச்சம் இருக்கும் பெயர்களுக்கு அதிக நேரம் வேண்டாம். ரெகுலர், இர்ரெகுலர் என்பது கடந்தகாலத்தில் ‘-எட்’ சேருமா, உருவமே மாறுமா என்ற கணக்கு. மாறுபவை இருநூறு போல இருக்கும், அதிலும் ஆபீஸ் மெயிலுக்கு வேண்டியவை ஐம்பது, அறுபதுதான். எழுதும்போதே படிந்துவிடும். ஃபைனைட், நான்-ஃபைனைட் என்பது கிட்டத்தட்ட நம் முற்று, எச்சம். ‘புட் ஆஃப்’, ‘கால் ஆஃப்’ மாதிரி இரண்டு சொல் சேர்ந்து புதுப் பொருள் தருபவை ஃப்ரேசல் வெர்ப். ‘கால்’ தெரியும், ‘ஆஃப்’ தெரியும் என்று கூட்டிப் பார்த்தால் ‘ரத்து செய்’ என்ற பொருள் கிடைக்காது. ஒவ்வொன்றையும் புதுச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய புத்தகங்களைத் தூக்கிப் போட வேண்டாம். வகைகளைப் படிக்க இல்லாவிட்டாலும் பயிற்சி செய்ய ஆகும். கூடவே, வெர்புக்குப் பக்கத்தில் எடுத்துக்காட்டு வாக்கியம் போட்டிருக்கும் ஒரு நல்ல அகராதி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால் கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலோ எழும்பூர் கன்னிமாராவிலோ உட்கார்ந்து இரண்டு மூன்று அகராதிகளைப் புரட்டிப் பாருங்கள். அதற்கு அப்புறம் வாங்கலாம்.

உங்கள் மெயில் இப்படி இருக்கட்டும்: ‘டியர் சார், ஐ அக்ரீ டு தி டேட். வீ ஹேவ் ஒன்லி 400 பீசஸ் இன் ஸ்டாக். ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் தி டிராயிங் யெட். குட் யூ ப்ளீஸ் சென்ட் இட் டுடே? வீ கேன் டிஸ்கஸ் தி ரேட் டுமாரோ.’ பெரும்பாலும் உங்கள் சொற்கள்தான், சிலவற்றைத்தான் மாற்றியிருக்கிறேன்.

கடைசியாக, ‘ரிவர்ட் பேக்’. ‘ரிவர்ட்’ என்றால் பழைய நிலைக்குத் திரும்பு என்று பொருள், அதுவும் ஒரு இன்டிரான்சிட்டிவ் வெர்ப். பதில் போடு என்ற பொருளில் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஆபீஸ்களில் ஓடுகிறது. வேறு ஊர்க்காரர் படித்தால் எந்தப் பழைய நிலைக்கு என்று ஒரு கணம் முழிப்பார். ‘பேக்’ வேறு, திரும்பத் திரும்பு என்கிற மாதிரி. ‘ப்ளீஸ் ரிப்ளை’ என்று எழுதுங்கள். இதை உங்கள் மேனேஜரிடம் போய்ச் சொல்ல வேண்டாம். குறைந்தபட்சம், எல்லார் முன்னாலும் வேண்டாம்.